மூன்றரைச் சாண் தள்ளி

இசை மேல் ஆசைப்பட்டு நான் மைக் செட் வேலைக்குப் போகவில்லை. தொப்பூர் கணவாயில் நான் கிளீனராக இருந்த லாரி கவிழ்ந்தது. லோடு முழுக்கப் புளி மூட்டை. அதன் மேலேயே விழுந்ததால் பிழைத்தேன். வலது கைச் சுண்டுவிரல் மட்டும் முதல் கணுவோடு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது என் இடத்தில் வேறொருவன் ஏறியிருந்தான். அதில் சண்டை போட ஒன்றுமில்லை. நானும் அப்படித்தான் ஒருவன் இடத்தில் ஏறினவன்.

பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்புப் பாதியோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் சித்தேரி மலையில் சாமை மூட்டை தூக்கினேன், ஓசூர் பக்கம் கல் உடைத்தேன், ஓட்டலில் மாவாட்டினேன். ஒரு வேலையில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. கம்பைநல்லூரில் ரேடியோ ரிப்பேர் கடையும் மைக் செட்டும் வைத்திருந்த ஒரு பாய் என்னைச் சேர்த்துக்கொண்டபோது எனக்கு முப்பத்தொரு வயது. அவர் சொல்லிக் கொடுத்தது மூன்றே விஷயம். ஒயர் ஜாயிண்டுக்கு டேப் சுற்று. ஆம்ப்ளிபயரை ஈரத்தில் வைக்காதே. மைக்கை வாய்க்குக் கிட்ட வை. மூன்றாவதுதான் தொழில் என்பார். தேர்தல் கூட்டமோ காதுகுத்தோ, எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். மைக் கிட்ட இருந்தால் சத்தம் தூரம் போகும். தள்ளி இருந்தால் வால்யூமை ஏற்ற வேண்டும்; ஏற்றினால் குழாய் ஸ்பீக்கர் ஊளையிடும். ஊளையிட்டால் அடுத்த விசேஷத்துக்கு வேறு செட்டைக் கூப்பிடுவார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், தர்மபுரியில் ராமநவமிக் கச்சேரிக்கு எங்கள் செட் போயிற்று. தெருவை அடைத்துப் பந்தல். ஏழு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கும். பாடுகிறவர் தினம் ஒருவர், வெளியூரிலிருந்து வருவார். பிடிலும் மிருதங்கமும் மட்டும் ஏழு நாளும் அதே ஆட்கள். அந்த விழாக் கமிட்டியின் வழக்கம் அது. செயலாளரே தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அவர்கள் வீட்டுக்குப் போய், ஏழு நாளுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு வருவார். வெற்றிலை வாங்கியாகிவிட்டால் இரண்டு பக்கமும் மாற முடியாது.

பிடில்காரருக்கு எழுபது தாண்டியிருந்தது. கர்நாடக எல்லையை ஒட்டிய கிராமம். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். ஒரு காலத்தில் பெரிய பெரிய வித்வான்களுக்கெல்லாம் வாசித்தவர் என்று மிருதங்கக்காரர் சொன்னார். நான் பார்த்தபோது அவருக்குக் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. இடது கை விரல்கள் கணுவுக்குக் கணு வீங்கியிருந்தன. வலது முழங்கால் மடங்காது. அதனடியில் கம்பளியைச் சுருட்டி வைத்து, பாதி நீட்டின காலிலேயே பிடிலின் தலையைச் சாய்த்து உட்காருவார்.

முதல் நாள் மைக்கை அவர் முன்னால் வைத்ததும், "ஸ்வல்ப தள்ளி வைப்பா" என்றார். கன்னடத்தில் கொஞ்சம் என்று அர்த்தம். ஒரு சாண் தள்ளினேன். "இன்னும்" என்றார். இன்னும் தள்ளினேன். அதைச் செயலாளர் பார்த்துவிட்டார். அவர் புளி மண்டிக்காரர், நல்ல மனுஷன், சத்தமாகப் பேசுகிறவர். கச்சேரி நன்றாக இருந்ததா இல்லையா என்பதற்கு அவரிடம் ஒரே அளவுதான் இருந்தது. நாலு ரோட்டில் நிற்கிறவனுக்குக் கேட்க வேண்டும். மைக்கை அங்கே வைத்தால் எப்படிக் கேட்கும் என்று என் காதோரம் கடிந்துகொண்டார். பிடில்காரர் சுருதி சேர்க்கக் குனிந்திருந்த நேரம் பார்த்து, மைக்கை மெல்ல நகர்த்தி, பிடில்மேல் இடிக்காத குறையாக வைத்துவிட்டேன். செயலாளர் மேல் பழி போட மாட்டேன். நகர்த்தின கை என் கை.

அன்றைக்கு எட்டுக் குழாயிலும் ஊர் கேட்டது இதுதான்: வில் திரும்பும்போதெல்லாம் ஒரு கரகரப்பு, நீட்டி இழுத்தால் ஒரு நடுக்கம், வேகமான இடத்தில் விரல் தவறித் தந்தியில் மோதும் டக், டக். பந்தலுக்கு எதிரே டீக்கடை. மாஸ்டர் ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பிடில்காரருக்குக் குளிர் ஜுரமாட்டம் இருக்குதுங்க. ஆராச்சும் ஒரு போர்வ குடுங்கப்பா." பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பாடினவர் வயது குறைந்தவர், வேகக்காரர். கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, இவரை வைத்துக்கொண்டு பாடுவது மாட்டு வண்டிக்குப் பின்னால் கார் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்று செயலாளரிடம் குறைப்பட்டார். நான் ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மைக் செட்காரனை யாரும் ஆளாக நினைப்பதில்லை; எதையும் அவன் எதிரிலேயே பேசுவார்கள். காலையில் தானே சேலம் போவதாகச் செயலாளர் சொன்னார். அங்கே ஒரு சின்ன வயசுக்காரர் இருக்கிறார், ஆறாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் அவருக்கு வெற்றிலை வைத்துவிட்டு வருகிறேன், பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லி அஞ்சாம் நாளோடு வழியனுப்பிவிடலாம் என்றார்.

ஏழு நாளுக்கென்று வெற்றிலை வாங்கினவரை அஞ்சாம் நாள் அனுப்புவது சாதாரணமில்லை. நாலு ஜில்லாவுக்கும் செய்தி போகும். அதற்கப்புறம் யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். அது எனக்குக்கூடப் புரிந்தது.

நாலாம் நாள் மத்தியானம் பெரியவர் தங்கியிருந்த சத்திரத்திலிருந்து சீக்கிரமே வந்தார். பந்தலில் நானும் அவரும்தான். ஆளில்லாத மேடையில், மைக் இல்லாமல், தனக்காக ஏதோ வாசித்தார். நான் கம்பத்தின்மேல் ஒயர் கட்டிக்கொண்டிருந்தேன். இருபதடி தள்ளி, உயரத்தில் இருந்த எனக்கு அந்தக் கரகரப்பு கேட்கவில்லை. டக், டக்கும் கேட்கவில்லை. மூன்று நாளாக இதையா நாம் ஊருக்குப் போட்டுக் காட்டினோம் என்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. இறங்கிப் போய்ச் சொன்னேன். முதல் நாள் மைக்கை நகர்த்தினது நான்தான் என்றும் சொன்னேன், சேலத்து விஷயத்தையும் சொன்னேன்.

இரண்டும் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. சேலத்து விஷயம் மிருதங்கக்காரர் மூலம். மைக் விஷயம் முதல் நாளே. பாட்டுத் தொடங்கின பிறகு மேடையில் மைக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டாராம்.

"கை முன்ன மாதிரி இல்லப்பா. அதுல பொய் இல்ல" என்றார். "மைக்கு கிட்ட இருந்தா என் கை கேக்குது. தள்ளி இருந்தா ராகம் கேக்கும். அவ்வளவுதான்."

அன்று மத்தியானம் முழுக்க அந்த வேலைதான். மேடையைப் பார்த்திருந்த இரண்டு குழாய்களையும் கம்பமேறித் தெருப்பக்கம் திருப்பினேன். நாலு ரோட்டுக்குப் போகிற குழாயைக் கழற்றினேன்; அது இருந்தால் மொத்த வால்யூமையும் ஏற்ற வேண்டும். பெரியவரை வாசிக்கச் சொல்லி, மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்துப் பார்த்தேன். என் கைக்கு மூன்றரைச் சாணில் ஊளை இல்லை, கரகரப்பும் இல்லை. மேடைப் பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். பாய் வந்து எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "கமிட்டிக்காரர் கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதும்பேன்" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். அவர் அனுமதி கொடுக்கிற விதம் அது.

அன்று பாடினது நாற்பது வயதைத் தாண்டின ஒரு அம்மாள். தடையில்லாத குரல். முதல் இரண்டு பாட்டிலும் பெரியவர் திணறத்தான் செய்தார். வேகமான ஸ்வரங்களுக்கு அவர் பாதிதான் பதில் கொடுத்தார். முடியாத இடத்தில் வில்லைத் தூக்கிவிட்டு, தாளம் போட்டபடி சும்மா இருந்தார். மறைக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

அப்புறம் அந்த அம்மாள் ஒரு ராகத்தை விரித்துப் பாடினார். சகானா என்று பிறகு மிருதங்கக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருபது சுரத்தைச் சுழற்றி ஓரிடத்தில் நிறுத்துவார். பெரியவர் நாலு சுரம் வாசிப்பார். அந்த நாலும் போதும் என்று இருக்கும். கட்டடம் முழுக்கக் காட்டாமல் தூண் நிற்கிற இடத்தை மட்டும் தொட்டுக் காட்டின மாதிரி. ஒப்பிட்டுச் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தொப்பூர் இறக்கத்தில் வயசான டிரைவர்கள் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள். எங்கே கியர் மாற்ற வேண்டுமோ அங்கே மாற்றுவார்கள், வண்டி தானாக இறங்கும்.

அவருடைய முறை வந்தது. பாடுகிறவர் முடித்ததும் பிடில் தனியாக அதே ராகத்தை வாசிக்க வேண்டும். வில்லின் நடுப்பாகத்தை மட்டும் வைத்து, கீழ்த் தந்தியிலேயே வெகுநேரம் இருந்தார். கை நடுங்குவது எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் காதுக்கு அது அசைவாக வந்தது, நடுக்கமாக வரவில்லை. பிறகு மெல்ல மேலே ஏறினார். உச்சியில் ஒரு சுரத்துக்கு விரல் எட்டவில்லை. ஒரு மயிரிழை குறைந்தது, எனக்கே தெரிந்தது. அவர் தலையை லேசாக ஆட்டினார். அவசரப்பட்டு விரலைத் தள்ளிச் சரிசெய்யவில்லை. திரும்பக் கீழே இறங்கி, முதலிலிருந்து படியேறுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டு வந்து, அதே சுரத்தில் நின்றார். இந்தத் தடவை சரியாக நின்றது. பந்தலில் ஒரு குழந்தை அழுததும், அதன் தாய் எழுந்து வெளியே போனதும் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது, வேறு சத்தமில்லை.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் என்னிடம் வந்தார். நாலு ரோட்டிலிருந்து ஆள் வந்து சொல்லியிருக்கிறான், ஒன்றுமே கேட்கவில்லை என்று. "கூட்டுடா" என்றார். கூட்டினால் ஊளையிடும் என்றேன். அவரே வால்யூம் குமிழுக்குக் கையை நீட்டினார். நான் என் கையை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டேன்.

"கைய எடுடா."

"இது முடியட்டும்ங்க. அப்புறம் என்ன வேணா செய்யுங்க."

வேறு சமயமாக இருந்தால் அறைந்திருப்பார். பெரியவர் வாசித்துக்கொண்டிருந்ததால் சத்தமும் போட முடியவில்லை. என் பக்கத்திலேயே கோபத்தோடு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். ஆம்ப்ளிபயர் வந்த மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையை நான் எடுத்துவிட்டிருந்தேன். அவர் குமிழைத் தொடவில்லை.

பெரியவர் முடித்ததும் அந்த அம்மாள் பாட்டை எடுத்தார், மற்ற பாட்டுகளை விட நிதானமான காலத்தில். போகும்போது பெரியவரைக் கும்பிட்டு, அந்த உச்சி இடத்தை இனிமேல் அவசரமாகத் தாண்ட மாட்டேன் என்று சொன்னார். செயலாளர் பக்கத்தில்தான் நின்றார்.

சங்கடம் அதற்கப்புறம்தான். சேலத்துக்காரருக்குக் காலையிலேயே வெற்றிலை வைத்தாகிவிட்டது. அதே இரண்டு நாளுக்கு இரண்டு பேர் வெற்றிலை வாங்கியிருக்கிறார்கள். அப்படி ஒரு தப்பு அந்தக் கமிட்டியில் அதுவரை நடந்ததில்லையாம். அஞ்சாம் நாள் காலை செயலாளர் சத்திரத்துக்குப் போனார். பெரியவருக்குக் காபி வாங்கிப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன். சத்தமாகப் பேசுகிற அந்த மனுஷன் அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். புளி விலையெல்லாம் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். தான் செய்தது தப்பு என்று நேராகவே சொன்னார்.

பெரியவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் காபியைக் குடித்து முடித்தார்.

"ஆறாம் நாள் அவரு வாசிக்கட்டுங்க. கூப்ட்டுட்டு இல்லேன்னு சொல்லக்கூடாது. ஏழாம் நாள் எனக்கு வேணும். ஏழு நாளுக்குன்னு வெத்தல வாங்கினேன். முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவணும்."

ஆறாம் நாள் சேலத்துக்காரர் வாசித்தார். முப்பது வயதுகூட இருக்காது. விரல் பறந்தது. பெரியவர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டபடி கடைசிவரை கேட்டார். இடையில் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "நல்ல கை. அவருக்கு மைக்க கிட்டயே வை" என்றார். வைத்தேன். நாலு ரோட்டுக் குழாயையும் மாட்டியிருந்தேன். அங்கேயும் நன்றாகக் கேட்டதாம்.

ஏழாம் நாள் சாயங்காலம் செயலாளர் என்னிடம் வந்தார். அந்தக் குழாயைக் கழற்றிவிடு என்றார். "அவரு சொல்ற எடத்துல மைக்க வை. நாலு ரோட்டுக்காரனுக்கு வேணும்னா நடந்து வரட்டும். காலா இல்ல?" டீக்கடை மாஸ்டர்கூட அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு பெஞ்சைப் பந்தலுக்குள் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மேடையைக் கழுவிக் கோலம் போட்டதில் என் சாக்பீஸ் கோடு அழிந்திருந்தது. பெரியவர் கம்பளியைச் சுருட்டி முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் மண்டிபோட்டு, பிடிலிலிருந்து வலது கையால் அளந்து, மூன்றரைச் சாணில் மைக்கை நிறுத்தினேன். அவர் மைக்கைப் பார்த்தார், என் கையின் மொட்டைச் சுண்டுவிரலைப் பார்த்தார். பிறகு வில்லின் நுனியால் ஸ்டாண்டை இரண்டு விரற்கடை தள்ளினார்.

"உன் சாண் ஸ்வல்ப குட்டைப்பா" என்றார்.

சிரித்துக்கொண்டே இறங்கிப் போய் ஆம்ப்ளிபயரிடம் உட்கார்ந்தேன். அவர் சுருதி சேர்க்க ஆரம்பித்தார். அந்தச் சாயங்காலம் முழுக்கக் குமிழைத் தொடவில்லை.