சின்னவளுக்குத் தனிப் பாடம்

எங்கள் வீட்டுப் பெரியவனைப் பழக்குவது சுலபமாக இருந்தது. திருப்பதியில் என் கணவரின் நண்பர் வீட்டில் பிறந்த நாய் அவன். பிஸ்கட்டைக் காட்டி, அவன் குட்டியிலிருந்து கேட்டு வளர்ந்த தெலுங்கில் "கூச்சோ" என்று உரக்கச் சொன்னால் பட்டென்று உட்காருவான். சத்தம் கூடக்கூட அவனுக்கு உற்சாகம். பத்தே நாளில் எல்லாம் படிந்தது. நாய் பழக்குவது எனக்குக் கைவந்த கலை என்று சித்தூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு சின்னவள் வந்தாள். பாகாலா ரயில் நிலையத்தில், காலில் காயத்தோடு பெஞ்சுக்கடியில் கிடந்தவளைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தோம். காயம் ஆறியதும் பாடம் தொடங்கினேன். அதே பிஸ்கட், அதே குரல். நான் கையை உயர்த்தியதுமே தரையோடு ஒட்டிக்கொண்டு மூத்திரம் போய்விட்டாள். அப்போதும் நான் விடவில்லை. தினமும் கூப்பிட்டேன், தினமும் அவள் கட்டிலுக்கடியில் ஒடுங்கினாள்.

"இன்னாத்துக்கு இப்டி கத்திக்கினு கீற? உன்னப் பாத்தாவே நடுங்குது" என்றார் கணவர்.

"அவனுக்கும் இப்டித்தானே சொல்லிக் குடுத்தேன்?"

"அவன் ஊட்ல வளந்தவன். இவ இன்னான்னா பட்டாளோ, யாருக்குத் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. மறுநாளும் அதே குரலில்தான் கூப்பிட்டேன்.

ஒரு காலையில் நான் கேட்டைச் சாத்த மறந்துவிட்டேன். சின்னவள் வெளியே போய்விட்டாள். தெருமுனையில் வேலூர் ரோடு. லாரிகள் ஓயாத ரோடு. கூவிக்கொண்டே ஓடினேன். நான் ஓட ஓட அவள் ரோட்டை நோக்கிப் பின்வாங்கினாள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு அவளை உரசினாற்போல் போயிற்று. அவள் அடிபடுவதைப் பார்க்கும் தெம்பு இல்லாமல், முதுகைத் திருப்பிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. அவளுடைய மூக்கு. நான் திரும்பவில்லை, கையைத் தூக்கவும் இல்லை. மெல்ல எழுந்து நடந்தேன். வீடுவரை என் பின்னாலேயே வந்தாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கு வேறு பாடம். சமையலறைத் தரையில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, உள்ளங்கையில் இட்லித் துண்டை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். முதலில் வாசல்வரை வந்தாள். என் கையிலிருந்து அவள் தின்ன ஒரு மழைக்காலமே ஆயிற்று. பெரியவனுக்கு முற்றத்தில் வழக்கம்போல் கூச்சலும் கும்மாளமுமாகப் பாடம் நடந்தது.

போன மாதம் சின்னவளுக்குத் தடுப்பூசி போடத் திருப்பதிக்குப் போனோம். மேசைமேல் ஏற்றச் சொன்னார் டாக்டர். மேசையைப் பார்த்ததும் சின்னவள் நடுங்கத் தொடங்கினாள்.

"மேல வேணாம் சார். நான் கீழ உக்காந்தா அதுவே வந்து படுத்துக்கும்."

உட்கார்ந்தேன். அவள் வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். டாக்டர் எங்களைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அவரும் தரையில் உட்கார்ந்தார்.