யாருடைய முட்டி

என் கணவர் ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை செய்கிறவர். அவருடைய முட்டி வலிக்கு ஆபரேஷன் வேண்டாம், அவர் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுற்றிப் பிரித்து முட்டியில் ஊசியாகப் போடலாம் என்று போனில் படித்துவிட்டுப் பிடிவாதம் பிடித்தவள் நான்.

அந்த ஊசி போட்டுச் சில மாதம் கழித்து டாக்டர் அவரிடம், “வலி எப்படி இருக்கு?” என்றார். என் முடிவு தப்பாகிவிடுமோ என்ற பயத்தில், அவர் வாயைத் திறப்பதற்குள், “நல்லா குறைஞ்சிடுச்சு சார்” என்றேன். சரி, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர்.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே வரும்போது, என் கணவர் படிக்கட்டுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதியில் நின்று சிரித்தார்.

“இன்னா, முட்டி உன்னுதா என்னுதா?”

எனக்குக் கூசிப் போயிற்று. அவரை அங்கேயே உட்காரவைத்து, குழந்தையை மடியில் கொடுத்துவிட்டு, மறுபடி டாக்டர் அறைக்கு ஏறினேன்.