பதினொன்றுக்குப் பதில் பதினான்கு

அக்காவின் போனை அவள் கணவர் தினமும் மாலையில் வாங்கிப் பார்ப்பார். அதனால் அவள் எதைப் படம் எடுத்தாலும் உடனே எனக்கு அனுப்புவாள். நான் பதிலுக்கு ஒரு புள்ளி வைப்பேன். புள்ளியைப் பார்த்ததும் படத்தையும் புள்ளியையும் தன் பக்கத்தில் அழித்துவிடுவாள். எட்டு மாதங்களில் இப்படி என்னிடம் சேர்ந்தவை: அவளுடைய கல்லூரிச் சான்றிதழ்கள், ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று. அவர் குளிக்கப் போகும்போது பீரோ சாவியை மறந்து வைத்துவிட்டுப் போன சில நிமிடங்களில் எடுத்தவை. அவற்றோடு, அவர் அடித்த தடங்களின் மூன்று படங்கள் தனி. கையில் ஒன்று, தோளில் ஒன்று, முகத்தில் ஒன்று. முகத்தை மட்டும் குளியலறைக் கண்ணாடி முன் நின்று எடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் ஒரு வக்கீலைப் பார்ப்பது, அன்றே குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம். அதுவரை அவள் மாமல்லபுரத்தில் கணவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். அதுவரை அவருக்கு எதுவும் தெரியக் கூடாது.

சென்னை ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருள் எங்கே உடையும் என்று தேடுவதுதான் அந்த வேலை. அக்காவின் படங்களையும் அப்படியே காத்தேன். பிறந்த தேதி இல்லாத ஆறு இலக்க எண். கேலரிக்குள் பூட்டிய ஃபோல்டர், அதற்கு வேறு எண். தானாகப் பேக்கப் ஆவதை நிறுத்தியாயிற்று. பூட்டிய திரையில் மெசேஜ் தெரியாது. வாரம் ஒருமுறை இவை ஒவ்வொன்றையும் சரிபார்ப்பேன். என் கட்டைவிரல் தவறும் என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

அன்று புதன்கிழமை. அப்பா ஒரு மனை விஷயமாகக் காலையிலேயே செங்கல்பட்டு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டார். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் என் போனில் இருந்தன. நம்ம ஆளு கடையிலேயே பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு வா என்று போனில் சொன்னார். நம்ம ஆள் என்றால் செங்கல்பட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மாமா, அக்கா கணவரின் பெரியப்பா மகன். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வேறு கடையில் பிரிண்ட் எடுத்ததில்லை. சொந்தக்காரர் கடையைத் தாண்டிப் போனால் அது பேச்சாகிவிடும்.

எங்கள் ஊரான திருப்போரூரில் பஸ் ஏறியதும், போவதற்குள் தயாராக இருக்கட்டும் என்று படங்களைக் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். விரலை இழுத்துத் தேர்ந்தெடுத்தேன். பதினொன்று அனுப்ப வேண்டியது. பதினான்கு போயிற்று.

அந்த மூன்று படங்களையும் வக்கீல் கேட்ட பென்டிரைவில் போடுவதற்காகக் காலையில்தான் பூட்டிலிருந்து வெளியே எடுத்திருந்தேன். திரும்ப உள்ளே வைப்பதற்குள் அப்பாவின் போன் வந்துவிட்டது. அவை கேலரியில் பட்டாவுக்குப் பக்கத்திலேயே இருந்தன.

கவனித்தபோது நீல டிக் விழுந்திருந்தது. மூன்றையும் எல்லாருக்கும் அழித்தேன். 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்று மூன்று வரிகள் நின்றன. எங்கெங்கே பிரதி இருக்கும் என்று மனதுக்குள் எழுதிப்பார்த்தேன். கடை போனில் இருந்தது போயிருக்கும். அந்த போனில் பேக்கப் இருந்தால் அதில் போகாது. கடை கம்ப்யூட்டரில் நிச்சயம் போகாது, ஏனென்றால் வாடிக்கையாளர் படம் வந்ததும் மொத்தமாக ஒரு ஃபோல்டரில் இறக்கி, அங்கிருந்து ஒரே அழுத்தில் பிரிண்ட் போடும் வழியை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நான்காவது இடம், பிரிண்டரின் தட்டு.

பஸ் செங்கல்பட்டு போய்ச் சேரும்வரை மூன்று படங்களையும் பூட்டுக்குள் திருப்பி வைத்ததைத் தவிர என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். மாமா யாருடைய அட்டையையோ லேமினேஷன் போட்டு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார். பிரிண்டர் தட்டு காலி.

"வா மச்சினி. அம்மாம் பெரிய ஆபீஸ்ல கீற, ஒரு பிரிண்டு போட எங்கடைக்கு வர்றியே," என்றார்.

"ஆபீஸ் பிரிண்டர்ல பட்டா போட்டா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க மாமா."

வரிசையில் நின்றவர் ஒருவர் சிரித்தார். போன தடவை பட்டாவின் ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது, நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி உள்ளே போனேன். அவர் மறுக்கவில்லை. அந்தப் பிரிண்டர் மக்கர் செய்யும்போதெல்லாம் நான்தான் பார்த்துக்கொடுப்பேன்.

ஃபோல்டருக்கு 'மச்சினி' என்று பெயர் வைத்திருந்தார். திறந்தால் எல்லாம் படங்களாகவே தெரிந்தன. கடைசி வரிசையில் அக்கா. கம்ப்யூட்டர் திரை வாடிக்கையாளர் பக்கம் பாதி திரும்பியிருந்தது. முதலில் பார்வையைப் பட்டியலுக்கு மாற்றினேன். படங்கள் மறைந்து வெறும் எண்களாயின. கடைசி மூன்றையும் குப்பைத்தொட்டிக்குப் போகாதபடி நிரந்தரமாக அழித்தேன். பிறகு பட்டாவை அச்சிடக் கொடுத்தேன். முதல் தாள் வரும்போது மாமா எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"பதினாலு இருந்துச்சே."

"மூணு ஆபீஸ் பேப்பரு மாமா. தப்பா வந்துடுச்சி."

கடை போன் சார்ஜரில் தொங்கிக்கொண்டு அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை வாங்கிப் பார்க்க ஒரு காரணம் யோசித்தேன், கிடைக்கவில்லை. பதினொரு தாளையும் அடுக்கிக் கவரில் போட்டுக் கொடுத்தபோது, "அக்கா நல்லா கீதா?" என்று கேட்டார். பார்க்கும்போதெல்லாம் தம்பியின், அதாவது அக்கா கணவரின், வாடகைக் கார் ஓட்டத்தைப் பற்றித்தான் கேட்பார். அக்காவைப் பற்றிக் கேட்டதில்லை.

நல்லா இருக்கு என்றேன்.

"தம்பி இன்னிக்கி வேடந்தாங்கல் சவாரி போய்கீறான். ஆறு மணிக்கு மேலதான் வூட்டுக்கு வருவான்," என்றார். உடனே வரிசையில் அடுத்து நின்றவரைப் பார்த்து, இன்னா வேணும் என்றார்.

படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, சும்மா பேச்சுக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பார்த்தவர் தம்பியிடம் சொல்வாரா, மாட்டாரா என்பதும் தெரியாது. தெருவுக்கு வந்து நின்று யோசித்தேன். பிரதிகளில் மூன்று சரி. அந்த போனின் பேக்கப்பை மட்டும் சரிபார்க்க முடியவில்லை. ஆறு மணி என்பது மட்டும் கையில் இருந்தது.

அக்காவை அழைத்து நடந்ததை வரிசையாகச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன்.

"அவுருக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"தெரில. தெரிஞ்சிருக்காதுன்னு என்னால சொல்ல முடியலக்கா. வெள்ளிக்கிழம வேணாம், இப்பவே கெளம்பு."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "பாப்பாக்கு சோறு ஊட்டிகினு கீறேன். ரெண்டு வாயி கீது, ஊட்டிட்டு வரேன்," என்றாள்.

திருக்கழுக்குன்றம் வழியாக வரவேண்டாம், அங்கே அவருடைய சொந்தங்கள், நேராகத் திருப்போரூர் பஸ்ஸைப் பிடி என்றேன். அவர் அழைத்தால் சந்தேகம் வரக்கூடாது, போனை அணைக்காதே என்றும் சொன்னேன்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் அப்பா டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது. அக்கா வீட்டில் சண்டை வரும், போகும் என்ற அளவில்தான் நாங்கள் சொல்லிவைத்திருந்தோம். கவரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். படத்தைக் காட்டு என்றார். இரண்டு எண்களையும் போட்டுத் திறந்து கொடுத்தேன். முகத்தைப் பார்த்தார். மற்ற இரண்டையும் பார்க்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இத்தினி மாசமா எங்கிட்ட கூட சொல்லாம பூட்டி வெச்சிருந்தியா?"

யாருக்கெல்லாம் தெரியக் கூடாது என்று பட்டியல் போட்டபோது முதலில் எழுதியது அப்பாவைத்தான். கோபத்தில் போய் நிற்பார், விஷயம் வெளியே வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே போகாமல், கவரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

நானும் அப்பாவும் திருப்போரூர் பஸ் நிறுத்தத்தில் காத்திருக்க, நான்கு மணிக்கு முன்பே அக்கா வந்து இறங்கிவிட்டாள். கடைக்குப் போகிறவள் போல ஒரு துணிப்பை, இடுப்பில் குழந்தை. உதட்டின் ஓரத்தில் மஞ்சள் பாரித்த ஒரு தடம், எந்தப் படத்திலும் இல்லாதது. அப்பா குழந்தையை வாங்கிக்கொண்டார். மூவரும் வீட்டுக்குப் பாதி தூரம் நடந்திருப்போம், அவள் போன் அடித்தது. திரையில் அவர் பெயர். வழக்கமாக அழைக்கும் நேரமும் அதுதான்.

எடுக்க வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் எடுத்துவிட்டாள்.

"நா எங்கப்பா வூட்டுக்கு வந்துட்டேன்," என்றாள். எதிர்ப்பக்கம் குரல் உயர்வது எங்களுக்கும் கேட்டது. அவள் அதைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டே நடந்தாள். பிறகு போனை அப்பாவிடம் நீட்டிவிட்டுக் குழந்தையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.