ஈரம் நின்ற பிறகு வந்த காய்ச்சல்

இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு என் ஸலாம். வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இருபத்தாறு வயது வரை என் உடுப்பு ஒரு நாளாவது முழுக்கக் காய்ந்திருந்ததில்லை. எல்லோரையும் போல மலசலகூடம் போய் வருவேன். வந்து கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஈரம். நடந்தாலும் சிறுநீர் கசியும், படுத்திருந்தாலும் கசியும். வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள். வளர்ந்தேன், சரியாகவில்லை. எங்கள் ஊர் கனமூலையில் உம்மாவையும் என்னையும் தவிர யாருக்கும் இது தெரியாது. வாப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. வந்த கலியாணப் பேச்சுகளையெல்லாம் உம்மா ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிவிடுவார்.

என்னை அதிகம் வருத்தியது தொழுகைதான். சலம் பட்ட உடுப்போடு அல்லாஹ்வின் முன் எப்படி நிற்பது? உம்மா ஒரு மௌலவியிடம் வேறு யாருக்கோ கேட்பது போலக் கேட்டு வந்தார்.

"ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் கழுவி, துணி வெச்சு, புதுசா கை கால் கழுவி வுழூ செஞ்சு தொழட்டாம். பொறகு கசிஞ்சாலும் தொழுகை கூடுமாம், மகள்."

அறிவுக்கு விளங்கியது, மனதுக்கு விளங்கவில்லை. ஸுஜூதில் நெற்றியை வைத்தால் நினைவெல்லாம் ஈரத்தில்தான் நிற்கும்.

டொக்டர்மாரிடமும் போனோம். ஒருவர் கிருமி என்று மாத்திரை தந்தார். இன்னொருவர் சலப்பை பலவீனம் என்றார். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர், "இது பயத்தால வாறது" என்றார். நான் எதற்குப் பயந்தேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் என்னிடம் ஒரே ஒரு துஆதான் மிஞ்சியது. யா அல்லாஹ், இதை நிறுத்திவிடு.

ஒரு ரமழானில் அது நின்றது.

நடுப்பகல் ளுஹருக்கு வைத்த துணி பின்னேரம் அஸர் வரை காய்ந்தே இருந்தது. உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். "துஆ கபூலாகிட்டுது புள்ள, அல்லாஹ் ஏத்துக்கிட்டான்!" என்று உம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

இரண்டொரு நாளில் இடது பக்க முதுகு நோகத் தொடங்கியது. பிறகு நடுக்கம், காய்ச்சல், வாந்தி. நோன்பை விட்டேன். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கேட்டதைத் தந்துவிட்டு ஏன் இது? நான் கேட்டது பிழையா? காய்ச்சல் மயக்கத்தில் நானே நினைத்திராத ஒன்றைக் கேட்டேன். யா அல்லாஹ், அந்த ஈரத்தையே திருப்பித் தந்துவிடு.

உம்மா அன்றுதான் வாப்பாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். உப்பளத்தில் நின்ற வாப்பா, காலைக்கூடக் கழுவாமல் த்ரீவீலர் பிடித்து வந்தார். என் முகத்தைப் பார்த்து, "ஏன் மகள் எனக்குச் செல்லல்ல?" என்று மட்டும் கேட்டார்.

புத்தளம் ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் பார்த்தவர் ஒரு சிங்கள லேடி டொக்டர். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது.

"டொய்லட் போய் வந்த பொறகும் நனையுமா?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"பொறந்ததில இருந்தே, டொக்டர்."

திரையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஒரு தாளில் கீறிக் காட்டினார். ஒரு சிறுநீரகத்திலிருந்து ஒரு குழாய்தான் சலப்பைக்கு இறங்கும். என் இடது சிறுநீரகத்துக்கு இரண்டு குழாய்கள். அதில் ஒன்று பையில் சேராமல், சலத்தை அடக்கும் தசைக்கும் கீழே போய்த் திறந்திருந்தது. அதனால்தான் அந்த ஓயாத கசிவு. மெல்லிய குழாய் என்பதால் முந்திய ஸ்கேன்களில் தெரியவில்லை. இப்போது அது அடைபட்டு ஈரம் நின்று, சீழ் பிடித்து வீங்கியிருந்தது.

"வீங்கினதாலதான் எங்களுக்குத் தெரிஞ்சது. இன்னும் பிந்தி வந்திருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார்.

முதலில் முதுகு வழியாக ஒரு குழாய் வைத்துச் சீழை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கி, உடம்பு தேறிய பிறகு ஒப்பரேஷன். அந்தக் குழாய் இறங்கும் சிறுநீரகப் பகுதி கெடாமல் இருந்தபடியால், வழி தவறிய குழாயை வெட்டிப் பையோடு சேர்த்துத் தைப்பதாகச் சொன்னார்கள். தியேட்டருக்குத் தள்ளிப்போகும்போது என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டது கிடைத்தபோதுதானே சாகப் பார்த்தேன்? "எனக்குத் தெரியாது ரப்பே, உனக்குத் தெரியும்" என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், இன்று நான் சுகமாக இருக்கிறேன். ஒப்பரேஷனில் உள்ளே வைத்த குழாய்களை எடுத்த பிறகு ஒரு சொட்டும் கசியவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறேன். வாப்பாவிடம் எதையும் மறைப்பதில்லை. ஆனால் என் எந்த துஆ கபூலானது? நிறுத்து என்றதா, திருப்பித் தா என்றதா, ஒன்றும் கேட்கத் தெரியாமல் நின்றதா? இன்னும் விளங்கவில்லை. விளங்காமலே நன்றி சொல்கிறேன்.

போன மாதம் நுரைச்சோலையிலிருந்து ஒரு தாய் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு மகளோடு வந்தார். பிள்ளையை முற்றத்தில் நிறுத்திவிட்டு என் காதில் குசுகுசுத்தார்.

"இவளுக்கும் அப்படித்தான் தங்கச்சி. நீங்க என்ன துஆ ஓதினீங்க? அதச் செல்லித் தாங்க."

பிள்ளை தன் பாவாடையின் பின்பக்கத்தை இரு கையாலும் மறைத்தபடி நின்றது. அந்த நிற்பு எனக்குத் தெரியும். போய் அதன் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, என் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன்.

"தெரிஞ்சத ஓதுங்க ராத்தா, அல்லாஹ் கேப்பான்" என்றேன். "ஓதிட்டு, நாளைக்குக் கிளினிக்குக்குப் போவம். நானும் வாறன்."