மஞ்சள் கல் நின்ற இடம்

"ஜேசிபியை ஆஃப் பண்ணு!" என்று தொண்டை கிழிய நான் கத்தியது என் மொத்த சர்வீஸில் ஒரே ஒரு தடவைதான். மற்றபடி நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. பயந்த சுபாவம். ராயபுரத்தில் எங்கள் வீட்டில், சிலிண்டரை மூடினேனா என்று படுக்கப் போகும் முன் நான்கு தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ஃபயர் இன்ஜினைக் கட்டியிருக்கலாம், அதாச்சும் ராத்திரி சும்மா நிக்கும்" என்பாள் என் மனைவி. அப்படிப்பட்ட நான்தான், ஒரு தெருவையே கொளுத்தியிருக்கக்கூடிய டிராயிங்கில் கையெழுத்துப் போட்டேன். எப்படிப் போட்டேன் என்பதை இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக எழுதிவைக்கிறேன்.

1. பைக் தொல்லை

திருவொற்றியூரில் ஒரு தனியார் கல்லூரியில் எஸ்டேட் ஆபீஸராக இருந்தேன். கட்டடம், குடிதண்ணீர், மதில் சுவர், அடைத்துக்கொண்ட கக்கூஸ், எல்லாம் என் தலையில்தான். கல்லூரி பார்க்கிங்கில் இருநூறு பைக் நிற்கும். பிள்ளைகள் கொண்டுவருவது அதைப்போல் மூன்று மடங்கு. மிச்சமெல்லாம் பக்கத்துத் தெருவில் போய் நின்றது.

அந்தத் தெருவில் முழுக்கக் கடல் தொழில் செய்கிற குடும்பங்கள். ஒரு நாள் பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏற்ற வந்த ஆட்டோ, பைக் வரிசையைத் தாண்டி உள்ளே வர முடியாமல் நின்றுவிட்டது. அவளைத் தெருமுனை வரைக்கும் நடத்திக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் தெருவே எங்கள் கேட்டுக்கு வந்தது. முன்னால் நின்றது தேசம்மா. மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"இன்னா சார், ரோட்ட நீங்க பட்டா போட்டு வாங்கிகினீங்களா? கூடைய தூக்கினு நடக்க எடமில்ல. பொம்பள புள்ள வலியோட நடந்து போவுது. பைக்க எடுக்கிறியா, இல்ல நாங்க எடுக்கட்டுமா?"

அன்று மாலையே கல்லூரியின் கரஸ்பாண்டன்ட் என்னைக் கூப்பிட்டார். "சேவியர், பின்னாடி கிரவுண்டு சும்மாதானே கிடக்கு? அதை பார்க்கிங் ஆக்கிடலாம். காலேஜ் திறக்கறதுக்குள்ள முடியணும். தெருப் பக்கம் நல்ல ஹைட்டா காம்பவுண்டு போட்டுடுங்க, பிரச்சினையே வேணாம்."

எல்லோருக்கும் சந்தோஷம். தெருக்காரர்களுக்கும்தான், சுவர் வேலை என்று கேள்விப்படும் வரை.

2. மூன்று கல்

அந்தக் கிரவுண்டுக்கு அடியில் ஓர் எண்ணெய்க் குழாய் போகிறது. துறைமுகப் பக்கமிருந்து மணலிக்குப் போகிற லைன். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. காற்றில் வருகிற வாசனையை வைத்தே எந்தப் பக்கத்து ஆலையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிற ஜனங்கள் நாங்கள். குழாய் போகிற வழியைக் காட்ட, 'தோண்டாதே' என்று எழுதிய மஞ்சள் கற்களை நட்டு வைத்திருப்பார்கள். எங்கள் கிரவுண்டில் மூன்று கல். ரோட்டோரம் ஒன்று, நடுவில் ஒன்று, ரயில்வே லைன் பக்கம் ஒன்று.

சர்வேயரை வரவழைத்து டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியை வைத்து அளந்தோம். மூன்று கல்லையும் கோடு போட்டு இணைத்தால், நடுக் கல் மட்டும் பன்னிரண்டு அடி தள்ளி, கிரவுண்டுக்குள் நின்றது.

"சார், லைன் ஒடையுது பாருங்க. இங்க எதுக்கு வளையணும்?" என்றார் சர்வேயர்.

நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். "அந்தக் காலத்துல நடுவுல ஏதாவது கிணறு இருந்திருக்கும். சுத்திக்கிட்டுப் போயிருப்பாங்க" என்றேன். கிணறு இருந்ததா என்று யாரையும் கேட்கவில்லை. நானே ஒரு கிணற்றை வெட்டி, நானே அதைச் சுற்றிக் குழாயைப் போட்டுவிட்டேன்.

தெருவின் வீடுகள் நடுவில் கொஞ்சம் துருத்திக்கொண்டு கிரவுண்டுப் பக்கம் வந்திருக்கும். அந்தத் துருத்தலில் இருப்பது தேசம்மாவின் வீடு. சுவர் அந்த இடத்தில் அவர் வீட்டை ஒட்டி வருகிறது. என் டிராயிங்படி அங்கே சுவருக்கும் குழாய்க்கும் நடுவே பன்னிரண்டு அடி இருந்தது. குழாய்க்காரர்களின் ஆபீசுக்கு அனுமதி கேட்டுக் கடிதம் போட்டேன். போட்டு நாலு நாள்கூட ஆகவில்லை, கரஸ்பாண்டன்ட் பொறுமை இழந்துவிட்டார்.

"பன்னெண்டு அடி தள்ளித்தானே போகுது? அவங்க வர்றப்ப வரட்டும். நீங்க சுவருக்கு அஸ்திவாரம் தோண்டுங்க."

அனுமதி வராமல் தோண்ட எனக்குப் பயம். ஆனால் மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்வதற்கும் பயம். இரண்டு பயத்தில் எது பெரியது என்று அன்றைக்குத் தப்பாகக் கணக்குப் போட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

சுண்ணாம்புத் தூளில் மார்க்கிங் போட்ட அன்று தேசம்மா பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ ஆழம் சார் தோண்டுவ?"

"நாலு அடிம்மா."

மறுநாளும் வந்தார். "நாலு அடி கண்டிப்பா தோண்டணுமா? ரெண்டு அடில நிறுத்த முடியாதா?"

"அஸ்திவாரம் நிக்கணும்ல. உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க."

மூன்றாம் நாளும் அதே கேள்வி. பாவம், சுவர் விரிசல் விட்டுவிடுமோ என்று பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் முகத்தில் இருந்தது அந்தப் பயம் இல்லை. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

3. அடுப்பு எரியாத காலை

ஜேசிபி ரோட்டுப் பக்கத்திலிருந்து தோண்ட ஆரம்பித்தது. அங்கே குழாய் வெகுதூரம் தள்ளிப் போகிறது, அதனால் தைரியமாகத்தான் இருந்தேன். பத்து மணி வாக்கில் ஆபரேட்டர் பாபு டீ குடிக்க இறங்கினான்.

"இன்னா சார், தெருவே காலியா கீது? எதுனா சாவா?"

அப்போதுதான் கவனித்தேன். அந்தத் தெருவில் அந்த நேரத்துக்கு மீன் வறுக்கிற வாசனை மூக்கைத் துளைக்கும். டிவி சத்தம், குழாயடிச் சண்டை, பிள்ளைகள் அழுகை எல்லாம் இருக்கும். அன்றைக்கு ஒன்றுமில்லை. நான் உள்ளே நடந்து போனேன். பூட்டிய கதவு, பூட்டிய கதவு, பூட்டிய கதவு. தெரு முனையில் ஒரு மீன்பாடி வண்டி கடற்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் ஏழெட்டு கேஸ் சிலிண்டர்களைக் கட்டி ஏற்றியிருந்தார்கள்.

ஒரு தெரு, வீட்டுக்கு வீடு சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு போகிறது என்றால் அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாதது. பின்னால் பாபு வண்டியை ஸ்டார்ட் செய்கிற சத்தம் கேட்டது.

தேசம்மா மட்டும் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் எங்கம்மா?"

பார்வையைத் தெருமுனைக்குத் திருப்பிக்கொண்டார்.

"தேசம்மா, எனக்குப் பயமா இருக்கு. சொல்லுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பயத்தை ஒப்புக்கொண்டதால்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

"அந்த நடுக் கல்லு அங்க இல்ல சார். எங்க வூட்டுப் பின்னாடி செவுத்தாண்ட இருந்துச்சு. கல்லுலேர்ந்து அளந்து, கிட்ட கீற வூட்டையெல்லாம் இடிக்கப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சு. நாங்கதான் அத்த புடுங்கி, இஸ்துகினு போய் அப்பால நட்டோம். பைப்பு இங்கதான் போவுது. நீ கோடு போட்டுக்கிறியே, அதுக்கு அடிலதான்."

நான் ஓடினேன். ஒரு செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. கத்தினேன். பாபு காதில் விழவில்லை. அவன் துருத்தலை நோக்கி வந்துகொண்டிருந்தான், மண் அள்ளும் பக்கெட் மேலே போய்க் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் பள்ளத்துக்குள் குதித்து பக்கெட்டுக்கு எதிரில் இரண்டு கையையும் விரித்து நின்று கத்தினேன். இன்ஜின் நின்றது.

"இன்னா சார், சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்றான் பாபு.

4. இரண்டு பக்கெட்

கடப்பாரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியாலும் கையாலுமே பறித்தோம். யாரும் பீடி பற்றவைக்கவில்லை. போனை எல்லாம் அணைத்துத் தூரத்தில் வைத்தோம். இரண்டரை அடியில் என் விரலில் வழவழப்பாக ஏதோ பட்டது. மண்ணைத் தள்ளினால் தார் பூசிய கறுப்புக் குழாய், சரியாக என் சுண்ணாம்புக் கோட்டுக்கு அடியில். பக்கெட்டின் பல் கடைசியாகப் பதிந்த இடத்திலிருந்து ஏழு அடி. ஜேசிபிக்கு அது இரண்டு பக்கெட்.

அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். தேசம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நீங்க ஏன் மத்தவங்களோட போகல?" என்று கேட்டேன்.

"எல்லாரும் போய்ட்டா அப்பால யாரு நிறுத்தறது? வண்டி எங்க வூட்டாண்ட வந்தா குறுக்க படுத்துகினு ரகளை பண்லாம்னு இருந்தேன். செவுறு கட்ட வுட மாட்டேன்னு கத்தினா நிறுத்திருவீங்க. கல்லு மேட்டரும் வெளிய வராது."

ஒரு குழாய்க்கும் ஒரு பொய்க்கும் நடுவில் அந்த அம்மா தன் உடம்பைப் போட்டு வைத்திருந்தார். என் கையெழுத்துக்கு அவர் போட்ட காப்பு அது. வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

5. அப்புறம்

குழாய்க்காரர்களுக்கு அன்றே போன் செய்து வரவழைத்தேன். வந்து, மெஷின் வைத்துத் தேடி, அதே இடத்தை உறுதிப்படுத்தினார்கள். பெரியவர் ஒருவர் என்னைக் கூர்ந்து பார்த்துக் கேட்டார்: "கல்லை நகர்த்தினது யாரு?"

"தெரியாது சார்" என்றேன். பயந்தவன் தைரியமாகச் சொன்ன ஒரே பொய். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதை மட்டும் இன்றுவரை சாமியாரிடம் சொல்லவில்லை. குழாய் இருக்கும் இடத்தைக் காட்டியவர்கள் தெருமக்கள்தான் என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதிக்கொடுத்தேன்.

சுவர் வரவில்லை. பார்க்கிங்கை உள்ளே தள்ளிச் சின்னதாக்கினோம். குழாய்ப் பாதையைத் திறந்தே விட்டோம். பைக்குகளில் பாதிக்கு இடம் கிடைத்தது, மீதிக்குக் கல்லூரி பஸ் விட்டோம். கரஸ்பாண்டன்ட் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மஞ்சள் கல் பழைய இடத்துக்குத் திரும்பியது. வீடுகள் தப்பின, ஆனால் தேசம்மாவின் பின்பக்கச் சமையல்கட்டு குழாய்ப் பாதைக்குள் விழுந்ததால் இடித்துவிட்டார்கள். இடித்த அன்று நான் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

தேசம்மா முன் அறையில் அடுப்பை வைத்து மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பேச்சுவாக்கில் கேட்டேன்: "மூணு நாளும் வந்து ஆழத்தைக் கேட்டீங்களே. அப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே?"

கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"வூடு போனா நான் கூட நிக்கிறேன்னு நீ சொல்லியிருந்தா, நானும் சொல்லியிருப்பேன் சார். நீ ஆழத்த மட்டும்தான் சொன்ன."

பிள்ளைகளே, மூன்று கல் நேர்க்கோட்டில் இல்லையென்றால் வளைவு போடாதீர்கள். கருவி வைத்துத் தேடுங்கள், அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு கைப்பிடி மண்ணைக்கூட எடுக்காதீர்கள். பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். உண்மையைச் சொன்னால் அவர்களுக்கு என்ன போய்விடும் என்பதைத்தான் முதலில் கேளுங்கள், கல்லைப் பற்றி அப்புறம் கேட்கலாம்.

ரிட்டயர் ஆன பிறகும் ஆலோசனை கேட்டு என்னை சைட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். தோண்டுகிற அன்று காலையில் பக்கத்துத் தெருவை ஒரு சுற்று நடந்து வருவேன். வீடுகளில் அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஜேசிபிக்குக் கை காட்டுவேன்.