வெர்னா ஸ்கோகன் வராத விவாதம்

வெர்னா ஸ்கோகனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் கையில் பழுக்கக் காய்ந்த சூட்டுக்கோல் இருந்தது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற மிதப்போடு போஸ்மன் பல்கலைக்கழகத்திலிருந்து ஊர் திரும்பி, வட்டார வாரப் பத்திரிகையில் சேர்ந்திருந்த நேரம். சட்டமன்ற உறுப்பினரைப் பேட்டி காண வந்திருப்பதாகச் சொன்னேன். அவர் என் வெள்ளைச் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேட்டி எங்கப்பா ஓடிப்போகுது? கன்னுக்குட்டிதான் ஓடும். அந்தப் பின்னங்காலப் பிடி."

சட்டை போயிற்று. பேட்டி கிடைத்தது.

மொன்டானாவின் கிழக்கே, ஒரு பண்ணை வீட்டிலிருந்து பார்த்தால் அடுத்த வீட்டு விளக்கு தெரியாத எங்கள் பகுதியில்தான் வெர்னா பிறந்தார். பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு, அடுத்த ஓடைக்கரைப் பண்ணையின் ஆரினைக் கட்டிக்கொண்டார். மாடு மேய்த்த நேரம் போக, ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் நடத்திய ஆம்புலன்ஸை ஓட்டினார். ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தொலைவு. பின்னால் படுத்திருப்பவர் நினைவு தப்பிவிடாமல் வழியெல்லாம் பேசிக்கொண்டே போகவேண்டும். மேடையில் பேச வந்தது அந்தப் பழக்கத்தில்தான் என்பார்.

எங்கள் தொகுதியின் பழைய சட்டமன்ற உறுப்பினர் போதுமென்று ஒதுங்கியபோது அந்த இடத்துக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை. வெர்னா நின்றார், ஜெயித்தார். இரண்டாண்டுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் மாநிலத் தலைநகர் ஹெலினாவில் கூடும் சட்டமன்றம், சரியாக மாடுகள் கன்று ஈனும் பருவத்தில் வந்து விழும். பனியில் பாதித் தூக்கத்தோடு தனியாக அல்லாடிய ஆரின், தொலைபேசியில் மனைவியைச் சீண்டுவார்: "இங்க நான் கன்னு இழுக்கறேன், அங்க நீ ஓட்டு இழுக்கற. யாருக்குக் கைவலி ஜாஸ்தின்னு சொல்லு பார்ப்போம்."

கிராமத்து ஆம்புலன்ஸ்களுக்கு மாநில அரசு உதவ வேண்டும் என்ற அவருடைய மசோதா இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை நிறைவேறியது. அதைக் கேள்விப்பட்டு, வாஷிங்டனில் ஒரு நாடாளுமன்றக் குழு அவரைச் சாட்சி சொல்ல அழைத்தது. ஹெலிகாப்டரைக் கூப்பிட்டால் போயிற்று என்றார் ஓர் உறுப்பினர். "கூப்பிடலாங்க. பனிக்காத்த யாரு கூப்பிட்டு நிறுத்தறது?" என்று வெர்னா கேட்ட காட்சி நாடு முழுக்கச் சுற்றியது. அடுத்த மாதமே கட்சிக்காரர்கள் பண்ணைக்கு வந்து நின்றார்கள். அப்போது மொன்டானாவுக்கு வாஷிங்டனில் ஒரே கீழவை இடம். அதற்கு அவர் நிற்க வேண்டுமாம்.

வெர்னாவுக்கு ஆசை இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. மாநிலம் கொடுக்கும் உதவி டயருக்கும் டீசலுக்கும் சரியாகப் போய்விடும். பெரிய உதவி வாஷிங்டனில்தான் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல் ஜூன் மாதம். எதிரே நின்றவர் பில்லிங்ஸ் நகரத்து வக்கீல். இருவருக்கும் ஆதரவு ஏறக்குறைய சமம். தொலைக்காட்சி விவாதம் ஒன்றே ஒன்று, எங்களுக்குச் சில மணி நேரத் தொலைவிலிருக்கும் பில்லிங்ஸில், மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மாலை.

மே மாதம் எங்களுக்குக் கன்றுகளின் தோலில் பண்ணை முத்திரையைச் சூடு போடும் மாதம். ஒரு பண்ணையில் சூடு என்றால் சுற்றுப்பட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். கூலி கிடையாது, வராமல் இருக்கும் வழக்கமும் கிடையாது. யாருக்கு எந்த வேலை என்று பண்ணைக்காரர் சொல்வார். கொடுத்த வேலை ஆயுசுக்கும் வாங்கியவருடையது. பக்கத்துப் பண்ணை வில்மர் பாயரின் அப்பா வெர்னாவிடம் சூட்டுக்கோலைக் கொடுத்திருந்தார். அதற்கு மேல் மரியாதை எங்கள் பக்கம் இல்லை.

சனிக்கிழமை வைத்திருந்த வில்மரின் சூட்டை மழை கெடுத்தது. ஈரத் தோலில் முத்திரை நிற்காது. விவாதம் நடக்கும் அதே செவ்வாய்க்கு மாற்றியதாக வில்மர் தகவல் சொன்னார். ஆரின் அதை வந்து சொன்னபோது வெர்னா "சரி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பதறியது தேர்தல் வேலைக்கு வந்திருந்த டெவின் என்ற வாஷிங்டன் இளைஞன்தான்.

"வர முடியலன்னு ஒரு போன் பண்ணுங்க மேடம். அவருக்குப் புரியும்."

"புரியும்தான். அதனாலதான் சொல்ல முடியல."

மதியத்துக்குள் முடித்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்பது அவர் கணக்கு. ஆனால் பட்டியின் ஒரு பக்கம் சரிந்து கன்றுகள் புல்வெளியில் சிதறின. மறுபடி மடக்கிச் சேர்த்து வேலையை முடிக்கப் பிற்பகலாகிவிட்டது. சாப்பாட்டுக்கு உட்காராமல், இறைச்சித் துண்டை ரொட்டியில் மடித்துக்கொண்டு வெர்னா வண்டியேறினார். வாசல்வரை வந்த வில்மர், ஏதோ சொல்ல வாயெடுத்தவர், வாயிற்கதவைத் திறந்துவிட்டார்.

எங்கள் களிமண் சாலை மேலே காய்ந்து உள்ளே வெண்ணெயாக இருக்கும். மேட்டில் ஏறிய பிக்கப் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. அங்கே போன் எடுக்காது. நடந்து திரும்பி, ஆரினின் டிராக்டரால் வண்டியை இழுத்து, பில்லிங்ஸ் போய்ச் சேர்ந்தபோது அரங்கத்தில் விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் பெயர் ஒட்டிய, ஆளில்லாத பேச்சு மேசையை மாநிலமே பார்த்துவிட்டது. "பில்லிங்ஸுக்கே வழி தெரியல, வாஷிங்டனுக்கு எப்படிப் போவாங்களாம்?" என்று வக்கீல் கேட்டதற்குக் கூட்டம் சிரித்ததாம்.

எங்கள் மாவட்டம் ஏறக்குறைய மொத்தமாக வெர்னாவுக்கு வாக்களித்தது. நகரங்கள் கைவிட்டன. சிறிய வித்தியாசத்தில் தோற்றார்.

அந்த வாரமே வில்மர் ஸ்கோகன் வீட்டுக்கு வந்தார். மழை, புல், கன்று விலை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"தோலு திங்கக்கிழமையே காஞ்சிடுச்சு வெர்னா. நீ சூட்டுக்கு வராம இருக்க ஒரு சாக்கு வேணுமேன்னுதான் நான் உன் விவாதம் இருக்கற செவ்வாய்க்கிழமைய வச்சேன்."

வெர்னா அவரை வெறித்துப் பார்த்தார். "நான் வர்றேனா இல்லையான்னு நீ சோதிக்கறேன்னு நினைச்சேன்."

"அட கடவுளே. வாயத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

ஆரின் மூன்று கோப்பைகளிலும் காப்பி ஊற்றினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இரண்டாண்டு கழித்து வெர்னா மாநில மேலவைக்கு நின்று ஜெயித்தார். இப்போது எழுபத்தொரு வயது. அங்கே இரண்டாவது முறை உறுப்பினர், சுகாதாரக் குழுவின் தலைவர். வாஷிங்டனில் அந்த வக்கீல் இருக்கிறார். ஆம்புலன்ஸ் உதவிக்கான மசோதா நாடாளுமன்றத்தில் இன்னும் வாக்கெடுப்புக்கு வரவில்லை.