மூன்றாவது குதிரை

அடுப்பில் காணம் வேகும் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ரசமோ துவையலோ நினைவுக்கு வருவதில்லை, பாபுதான் நினைவுக்கு வருகிறான். கொள்ளு என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதைப் பாறசாலைப் பக்கத்தில் நாங்கள் "காணம்" என்போம். எனக்குப் பத்து வயதாயிருந்த ஒரு ஈஸ்டர் காலத்தில் எங்கள் வீட்டின் பெரிய பானையில் இரண்டு வாரம் காலையும் மாலையும் அது வெந்துகொண்டே இருந்தது. அந்த ஆவி படுக்கையறைவரை வந்து தலையணையிலும் ஏறிக்கொண்டது. தின்றது நாங்கள் அல்ல, கொல்லையில் பிலாமரத்தடியில் கட்டியிருந்த பாபு என்ற குதிரை.

இந்தப் பக்கத்தில் குதிரைப் பந்தயம் நடந்தது என்று சொன்னால் இப்போது என் பிள்ளைகளே நம்புவதில்லை. பெரிய நகரங்களில் புல்வெளியும் தொப்பியும் துரைமார் காலத்துக் கட்டடமுமாக இருக்கும் கிளப்புகளை நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது சபை வாலிபர்களும் அக்கம்பக்கத்து இளவட்டங்களும் சேர்ந்து நடத்திய ஒற்றை அறைக் கிளப்பு. ஒரு கேரம் பலகை, காற்று நிற்காத ஒரு கால்பந்து, இவற்றோடு ஒரு குதிரையும் அதன் சொத்தாக இருந்தது. ராணி என்ற அந்தப் பெண்குதிரையை யாரோ எங்கோ மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவந்துவிட்டார்கள், வாங்கியபிறகு சும்மா கட்டிப்போட முடியாதே என்று பந்தயம் தொடங்கினார்கள். கும்பப்பூ அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கும் "ஏலா"வில், அதாவது எங்கள் ஊர் வயல்வெளியில், ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை அது நடக்கும். ராணியோடு வெள்ளறடையிலிருந்து ரப்பர் வியாபாரி ஒருவரின் குதிரையும், பாறசாலை ரயில் நிலையத்தில் வண்டி இழுத்த ஒரு குதிரையும் ஓடும். மொத்தம் மூன்றே குதிரைகள். ஆனால் பார்க்க வருகிற கூட்டம் வரப்புகளை மிதித்து நாசமாக்கிவிடும்.

வயலின் சொந்தக்காரர் சபையின் மூப்பர். ஓய்ந்த நிலத்தில் உளுந்து விதைக்காமல் பந்தயத்துக்கு விட்டுக்கொடுக்க அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "ரெண்டு குதிரை ஓடினா அது பந்தயம் இல்ல, வழக்காக்கும். மூணு ஓடட்டு, நிலம் தாறேன். இல்லேங்கில் நான் உளுந்து விதைப்பேன்" என்பார். சொன்னால் செய்கிறவர்.

அந்த வருடம் வண்டிக்காரர் குதிரையை விற்று ஆட்டோ வாங்கிவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது, ஆட்டோ நிற்கிற நேரத்தில் தீனி கேட்காது. கிளப்பின் செயலாளர் என் அம்மாவின் தம்பி தங்கராஜ் மாமா; பேருந்து நடத்துனர் வேலை, ராணியின் மேல் ஏறி ஓட்டுவதும் அவரேதான். லாடம் அடிக்க நாகர்கோவிலிலிருந்து ஆள் வரவேண்டும், காவல்நிலையத்தில் அனுமதிக்கு நான்கு தடவை நடக்கவேண்டும், இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே செய்த மனிதர் மூன்றாவது குதிரை இல்லை என்றதும் இரண்டு நாள் வேலைக்கும் போகாமல் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை நிலம் கைவிட்டுப்போனால் பிறகு திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் ஒரு டெம்போவில் பாபு வந்து இறங்கினான். சங்குமுகம் கடற்கரையில் பிள்ளைகளை முதுகில் ஏற்றி நடக்கும் குதிரை. மாமா அதன் உடைமைக்காரரிடம் பேசி வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார். என் அம்மா மிருகாஸ்பத்திரியில் டாக்டர், ஊரார் வாயில் "மாட்டு டாக்டரம்மா". பந்தயக் குதிரைகளுக்கு உடம்பு சரி என்று அவர் எழுதிக்கொடுத்தால்தான் அனுமதி. அம்மா பாபுவின் நான்கு கால்களையும் தடவிப் பார்த்து, குளம்பைத் தட்டிப் பார்த்து, சேணத்தைத் தூக்கியதும் முகம் சுளித்தார்.

"எலே தங்கராஜே, காலு நாலும் கொள்ளாம். முதுகு முழுக்க புண்ணு. பந்தய நாள்வரைக்கும் ஆரும் மேல ஏறப்பிடாது. நடத்தினா மதி."

கால்கள் நன்றாக இருக்கின்றன, புண் ஆறும்வரை நடத்தினால் மட்டும் போதும் என்பது அம்மாவின் தீர்ப்பு. மாமா விடியுமுன்னே பேருந்துக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. எனக்குப் பள்ளி விடுமுறை. அப்படித்தான் பாபுவைச் சானல் கரையில், அதாவது பாசனக் கால்வாய்க் கரையில், நடத்துகிற வேலை எனக்கு வந்தது.

முதல் நாளே அது நடந்துவிட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் பேசிக்கொண்டே போக, சாதுவாக வந்துகொண்டிருந்த பாபு திடீரென்று நின்று, இடப்பக்கமாக முழுவட்டம் திரும்பி, வந்த வழியே நடக்கத் தொடங்கினான். நான் இழுத்தேன், பத்து வயதுப் பெண் இழுத்தா குதிரை வரும்? பாம்பைக் கண்டிருப்பான் என்று நினைத்தேன். மறுநாளும் அதே இடத்தில் திரும்பினான். அங்கே ஒரு சின்னப் பாலம் இருந்தது, அதைக் கண்டு பயம் என்று முடிவுகட்டினேன். மூன்றாம் நாள் அங்கங்கே நிறுத்திப் புல் மேயவிட்டு, சுற்றுவழியாகப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் அங்கிருந்து தொடங்கினேன். பாலமே இல்லாத இடத்தில் திரும்பினான். அன்றைக்குத்தான் அடிகளை எண்ணத் தொடங்கினேன்.

என் நடைக்கு நூற்று நாற்பத்தெட்டு. எங்கிருந்து தொடங்கினாலும் ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம், அவ்வளவுதான். அவன் கண்ணைத் துண்டால் மறைத்துப் பார்த்தேன். முன்னால் சர்க்கரைக்கட்டியை நீட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்து பார்த்தேன். கவனத்தைத் திருப்பலாமென்று ஞாயிறுபள்ளிப் பாட்டையெல்லாம் உரக்கப் பாடினேன். சர்க்கரையைத் தின்றான், பாட்டையும் கேட்டான், நூற்று நாற்பத்தெட்டில் திரும்பினான். கடற்கரையில் ஒரு இடத்தில் பிள்ளையை ஏற்றி, குறிப்பிட்ட தூரம் போய்த் திருப்பிக்கொண்டுவந்து விடுவதுதான் அவனுக்குத் தெரிந்த உலகம் என்று நான் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை.

ஏலாவின் நீளம் என் நடைக்கு நானூறுக்கும் மேல். இதை நான் உடனே மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறந்துபோயோ பயந்தோ அல்ல. நடக்கும்போது திரும்புகிறான், சரி. பாய்ந்து ஓடும்போதும் அதே இடத்தில் திரும்புவானா? இதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. சொன்னால் பாபுவை ஓடவிடமாட்டார்கள், ஓடாவிட்டால் எனக்கு விடை கிடைக்காது. மாமா விழுவார் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை என்று இப்போது எழுதலாம். எழுந்தது; விடையைத் தெரிந்துகொள்ளும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமைக்குள் புண் ஆறிவிட்டது, அம்மா கடிதம் எழுதிக்கொடுத்தார். புதுக் குதிரை என்பதால் பாபுவின் மேல் மாமாவே ஏறிக்கொண்டார், ராணியை வேறொருவருக்குக் கொடுத்தார். ஊரே சானல் முனையில், பந்தயம் முடியும் எல்லைக்கருகே கூடி நின்றது. நான் மட்டும் புறப்படும் இடத்திலிருந்து நூற்று நாற்பத்தெட்டு அடி எண்ணி, யாருமே இல்லாத ஒரு வரப்பில் தன்னந்தனியாகப் போய் நின்றுகொண்டேன்.

விசில் ஊதியதும் பாபு பிய்த்துக்கொண்டு வந்தான். இத்தனை வருடமும் அவனை யாரும் ஓடவிட்டதில்லை போலும். ராணியும் வெள்ளறடைக் குதிரையும் ஐந்தாறு பாய்ச்சல் பின்தங்கிவிட்டன. மாமாவின் பற்கள் எனக்குத் தெரிந்தன, அவ்வளவு சிரிப்பு. எனக்கு நேரே வந்ததும் பாபு முன்னங்கால்களை ஊன்றி, இடப்பக்கமாகத் திரும்பினான். மாமா திரும்பவில்லை. அவர் நேராகப் போய்க் காய்ந்த வயல்கட்டியில் தோள் இடிக்க விழுந்தார். எதிரே வந்த பாபுவைக் கண்டு மிரண்ட ராணியும் அவன் பின்னாலேயே ஓடிவிட்டது. வெள்ளறடைக் குதிரை மட்டும் கொஞ்சதூரம் துள்ளிப் போய்ப் புல் தின்ன நின்றது.

மாமாவை ஜீப்பில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், தோளெலும்பு இரண்டாக முறிந்திருந்தது. பாபுவின் உடைமைக்காரரிடம் நாலுபேர் சண்டைக்குப் போனபோது அவர் அசையவில்லை. "ஓடுமோ என்னல்லே சோதிச்சது? ஓடியல்லோ!" என்றார். ஓடுமா என்றுதானே கேட்டீர்கள், ஓடியதே என்பது அவர் நியாயம்.

அன்று சாயங்காலம் அம்மா கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "எல்லாரும் அந்த முனையில நிக்கும்போ, நீ எதுக்கு நடுவில போய் நின்ன?"

"அங்க நின்னா நல்லா காணலாமுண்ணு" என்றேன். அம்மா துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சாகும்வரை இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் பாபுவுக்குக் கடிதம் எழுதித் தர மறுத்துவிட்டார். "காலு பாத்து எழுதினேன், புத்தி பாக்கல்ல. இனி என்னால ஒக்காது" என்றார். வேறு மூன்றாவது குதிரையும் கிடைக்கவில்லை. மூப்பர் உளுந்து விதைத்தார். பிறகு வாழை, மரச்சீனிக் கிழங்கு, பிறகு கல்நட்டு மனைகள். இன்று அங்கே வாசலில் கார் நிற்கும் பதினொரு வீடுகள் இருக்கின்றன. கிளப்பில் இப்போது இரத்ததானம் செய்கிறார்கள், நல்ல காரியம்தான். அங்கே வரும் பையன்களுக்கு ஒருகாலத்தில் கிளப்புக்குக் குதிரை இருந்தது தெரியாது. பெரிய நகரத்துப் பந்தயக் கிளப்புகளே நிலம், வரி, வழக்கு என்று திணறுவதாகச் செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் எங்களுடையதை நான் ஒருத்தியே முடித்துவைத்தேன் என்று தோன்றும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

போனமாதம் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார். இடதுகை இன்றும் தோளுக்கு மேலே எழும்பாது, சட்டை மாட்ட மாமி உதவவேண்டும். அன்று மாமி சட்டையை மாட்டிவிட்டு உள்ளே போனதும் எனக்குத் தாங்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சானல் கரை, எண்ணியது, வரப்பில் போய் நின்றது, எல்லாம். அவர் திட்டினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "நூத்தி நாப்பத்தெட்டா? நிச்சயமா?"

"ஆமா மாமா."

"ஓட்டத்திலயும் அதே இடம்?"

"ஒரு அடி மாறல்ல."

"மக்கா, நீ அதச் சொல்லியிருந்தா..." என்று நிறுத்தினார். நான் ஏறியிருக்கமாட்டேனே, என் கை முறிந்திருக்காதே என்று சொல்லப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "எல்லைய நூத்தி நாப்பதில கொண்டு வச்சிருப்பேனே! மூப்பர் மூணு குதிரை ஓடணுமுண்ணுதானே சொன்னாரு? எவ்வளவு தூரம் ஓடணுமுண்ணு சொன்னாரா? பின்னே அவன ஆரு ஜெயிக்க முடியும், வருஷாவருஷம் அவனாக்கும்!" என்று வலதுகையால் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

நானும் சிரித்தேன், ஆனால் கண் நிறைந்துவிட்டது. சொன்னால் பந்தயம் நின்றுபோகும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். எல்லையை இந்தப் பக்கம் கொண்டுவரலாம் என்பது பத்து வயதில் தோன்றாதது சரி, நாற்பது வயதிலும் எனக்குத் தோன்றவில்லை. பாபு எங்கே திரும்புவான் என்று கண்டுபிடித்தவள் நான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று தெரிந்த ஒரே ஆள் மாமா, அவரிடம்தான் நான் சொல்லாமல் இருந்துவிட்டேன்.